விலையை வாய்விட்டுச் சொல்லுங்கள்

கோவை வட்டாரத்தில் உரிமம் பெற்றுத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் கடைக்காரர்களுக்கு,



உங்கள் கடைக்கு வந்துபோகிறவர்கள் வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் காதுக்கு எட்டாமல் இருக்காது. போத்தனூர், மதுக்கரை, செட்டிபாளையம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்துக்கொண்டு, அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியையும் அதன் லைசென்ஸையும் சேர்த்துக் காப்பாற்றி வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே மாதிரியான வருத்தங்கள்தான் வரும். தோட்டா என்ன விலை என்று போனில் கேட்டால் 'நேர்ல வாங்க, பாத்துக்கலாம்' என்று பதில். நேரில் போனால் தெரிந்த முகத்துக்கு ஒரு விலை, புதுமுகத்துக்கு ஒரு விலை. பழுதுபார்க்கக் கொடுத்த துப்பாக்கிக்கு என்ன செலவு என்பது அதைத் திரும்ப வாங்குகிற அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே 'ஆனா கடைக்காரர் நல்ல மனுசருங்க' என்றும் சொல்வார்கள். இரண்டு பேச்சும் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்த மடல் எந்த ஒரு கடையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. இந்தத் தொழிலில் ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றியது. நீங்கள் வாங்கும் விலை அதிகம் என்று சண்டைக்கு வரவில்லை. விலையை முன்கூட்டிச் சொல்லாமல், எழுதி மாட்டாமல், கணக்கைக் காகிதத்தில் கொடுக்காமல் இருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். மற்ற எந்தக் கடைக்காரரைவிடவும் இதைச் செய்ய வேண்டிய கடமை உங்களுக்குக் கூடுதல் என்பது என் வாதம்.

காரணம், உங்கள் வாடிக்கையாளரின் நிலைமை. கடைத்தெருவில் அவரைப் போலக் கைகட்டப்பட்டவர் வேறு யாரும் இல்லை. மிக்சி வாங்கப் போகிறவர் விலை பிடிக்காவிட்டால் கிராஸ்கட் சாலையில் நாலு கடை ஏறி இறங்கலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்போனில் வரவழைக்கலாம். துப்பாக்கி வாங்குகிறவருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவர் அவற்றைச் செய்யவோ விற்கவோ பழுதுபார்க்கவோ கூடாது என்கிறது. மனுப் போட்டு, காவல்துறை விசாரணை முடிந்து, போத்தனூர் போல மாநகர எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனரிடமும், வெளியே கிராமத்தில் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் காத்திருந்து உரிமத்தைக் கையில் வாங்கவே மாதக்கணக்கு ஆகிவிடுகிறது. வந்த பிறகும் அதில் குறித்த வகைத் துப்பாக்கியைத்தான் வாங்கலாம், குறித்த எண்ணிக்கைக்குள்தான் தோட்டா வாங்கலாம். வாங்கியதெல்லாம் பதிவேட்டில் ஏறும். அவசரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் நாலு தோட்டா கைமாற்று வாங்க வழியில்லை. விசை இறுகிவிட்டது என்று ஊர்ப் பட்டறையில் கொடுக்கவும் வழியில்லை. கோவை மாதிரிப் பெரிய ஊரிலேயே உங்களைப் போன்ற கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆக, அவரைச் சட்டமே கையைப் பிடித்துக் கூட்டிவந்து உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகிறது. அப்படி வந்து நிற்கிறவரிடம் விலையை மறைப்பது, சட்டம் உங்களுக்குக் கொடுத்த பிடியை அவர்மேல் இன்னொரு சுற்று இறுக்குவதுதான்.

உங்களுக்கும் கட்டு உண்டு என்பதை மறுக்கவில்லை. கடைக்காரர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்து விற்பது 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு புதுத் துப்பாக்கி என்றால் ஒருபக்கம் அரசின் படைக்கலத் தொழிற்சாலைச் சரக்கு. இன்னொருபக்கம், முங்கேர், ஜம்மு பக்கத்துச் சிறு தயாரிப்பாளர்களுடையது. தோட்டா என்றால் அரசுத் தொழிற்சாலையின் 'சக்திமான்' என்பதே பலருக்கும் பழகிய பெயர். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கான்பூரிலும் திருச்சியிலும் உள்ள ஆயுதத் தொழிற்சாலைகள் ஒரு நிறுவனத்தின் கீழும், தோட்டா செய்யும் தொழிற்சாலைகள் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற இன்னொன்றின் கீழும் போயின. பெயர்ப்பலகை மாறினாலும், சரக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பதை முடிவு செய்வது இன்றும் நீங்கள் அல்ல. வரியும் அப்படித்தான். ரிவால்வர், பிஸ்டல் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறியது. வாடிக்கையாளர்களில் பலருக்கு இந்தக் கதையே தெரியாது. தெரியாதவர் கண்ணுக்கு, ஏறிய விலை முழுவதும் கடைக்காரர் ஏற்றிய விலைதான். தொழிற்சாலை ஏற்றியது இவ்வளவு, வரி ஏறியது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருந்தால் பழி எங்கே போக வேண்டுமோ அங்கே போயிருக்கும். சொல்லாமல் விட்டதால் தொழிற்சாலையின் தாமதத்துக்கும் டெல்லியின் வரிக்கும் சேர்த்து நீங்கள் பேரைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கொங்கு நாட்டில் விலையை மறைத்துப் பேசுவதற்கு ஒரு பழைய மரியாதை உண்டுதான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் முடிக்கும் தரகர்களைத் தெரியாதவர் இந்தப் பக்கம் இல்லை. அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது அங்கே ஏன் செல்லுபடியாகிறது என்று பாருங்கள். விற்கிறவருக்கு எதிரே வாங்குகிறவர்கள் கும்பலாக நிற்கிறார்கள். வாங்குகிறவருக்குச் சுற்றிலும் மாடுகள். படியவில்லை என்றால் விரலை உதறிவிட்டு அடுத்த துண்டுக்குள் கையை நுழைக்கலாம். பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லவும் சுழியைப் பார்த்துக் குணம் சொல்லவும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். துப்பாக்கிக் கடையிலோ இருப்பது ஒரே துண்டு. பல்லைப் பார்க்கத் தெரிந்தவரும் நீங்கள் ஒருவர்தான். அந்த இடத்தில் துண்டைப் போட்டால் அதற்குப் பெயர் பேரம் இல்லை.

இதற்குச் சாட்சி உங்கள் கண்ணாடி அலமாரியிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மேல் போகாத, குழல்வாய் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாதவரும் வாங்கலாம், பல இடங்களில் வாங்கலாம். அதனால் ஏர்கன்னுக்கும் அதன் ஈயக் குண்டு டப்பாவுக்கும் விலை ஊரறிந்த விஷயமாகிவிட்டது. கேட்டால் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்டவருக்குப் போக வேறு இடம் உண்டு. அதே கல்லாவில் 12 போர் தோட்டாவுக்கு மட்டும் விலை மர்மமாகிறது என்றால், சரக்கின் ஆபத்து அதற்குக் காரணமாக இருக்க முடியாது. வாங்குகிறவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைகள் விலைச்சீட்டைத் துப்பாக்கியிலேயே கட்டித் தொங்கவிடுகின்றன. அந்த நாட்டின் துப்பாக்கிக் கொள்கை நமக்கு வேண்டவே வேண்டாம். விலைச்சீட்டை மட்டும் எடுத்துக்கொள்வதில் தோஷம் ஒன்றுமில்லை.

'மாசத்துக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு நினைக்கறீங்க?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இரும்புக் கதவு போட்ட அறை, கேமரா, பதிவேடுகள், வருகிற அதிகாரிக்கெல்லாம் கணக்குக் காட்டுதல், உரிமம் புதுப்பித்தல் என்று செலவு மாதாமாதம் நிற்காமல் ஓடுகிறது. வியாபாரமோ ஓடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் நெடுகக் காட்டுப்பன்றி வாழையையும் மக்காச்சோளத்தையும் புரட்டிப் போடுகிறது. ஆனாலும் லைசென்ஸ் வைத்திருக்கும் உழவர் அதைத் தம் துப்பாக்கியால் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் வேலை பயிற்சி பெற்ற வனத்துறையினருக்குத்தான். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 1 கிலோமீட்டருக்குள் என்றால் அதுவும் இல்லை. வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கதை வேறு. அங்கே 2022 மே மாதத்திலிருந்து உள்ளாட்சித் தலைவர்களே பன்றியைச் சுட உத்தரவிடலாம், அதற்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கடைக்கு உள்ள தோட்டா வியாபாரம் உங்களுக்கு இல்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சில்லறை வியாபாரத்தை வைத்துக்கொண்டு பெரிய செலவைச் சமாளிக்க, ஒவ்வொரு விற்பனையிலும் கூடுதலாக வைத்துத்தான் ஆக வேண்டும். வையுங்கள். எவ்வளவு வைத்தீர்கள் என்பதைக் கூட நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவாக வையுங்கள், அதை வருகிறவர் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும்படி வையுங்கள் என்கிறேன். வியாபாரம் குறைவு என்பது விலை ஏறுவதற்குக் காரணமாகலாம். ஆளுக்கொரு விலை சொல்வதற்கு அதை எப்படிக் காரணமாக்க முடியும்?

அடுத்த தடை, விலை அடிக்கடி மாறுகிறது, எதை எழுதி மாட்டுவது என்பது. உங்கள் கடைக்கு வருகிற அதே உழவர் உரக்கடைக்கும் போகிறார். அங்கே வாசலிலேயே பலகை தொங்குகிறது: யூரியா, டிஏபி, பொட்டாஷ், இன்றைய இருப்பு இவ்வளவு, விலை இவ்வளவு. கடைக்காரரின் பெருந்தன்மையால் அது தொங்கவில்லை. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படி எழுதி வைக்கச் சொல்கிறது. விதை விற்பவருக்கும் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை அதையே சொல்கிறது, வாங்கியவருக்கு ரசீது கொடுக்கவும் சொல்கிறது. அவையும் உரிமம் பெற்று நடத்தும் கடைகள்தான். அவர்களுக்கும் அதிகாரிகள் வருகிறார்கள், பதிவேடு இருக்கிறது, சரக்குத் தட்டுப்பாடு இருக்கிறது, கம்பெனி நினைத்தபோது விலை மாற்றுகிறது. பெரும்பாலும் அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தும் சின்னக் கடைகள்தான். ஒரு சிலேட்டும் ஒரு சாக்பீஸும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். தங்கத்தின் விலை ஒரே நாளில் இரண்டு தடவை மாறுகிறது. பெரியகடை வீதி நகைக்கடைகள் அதை அழித்து அழித்து எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. மாறுகிற விலையைத்தான் எழுதி வைக்க வேண்டும். மாறாத விலை எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

பழைய துப்பாக்கிக்கு இது பொருந்தாது என்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. ஒவ்வொரு பழைய துப்பாக்கியும் ஒரு தனிச் சாதி. அந்தக் காலத்து மில் முதலாளி வீட்டிலிருந்து வந்த கிரீனர் துப்பாக்கிக்கும், தோட்டத்துச் சாளையில் பரணில் கிடந்து துருவேறிய ஒற்றைக்குழலுக்கும் ஒரே பலகையில் விலை போட முடியாது. ஆனால் இங்கே வருத்தம் வாங்குகிறவரைவிட விற்கிறவருக்குத்தான் அதிகம். 2019 டிசம்பரில் வந்த சட்டத்திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. கெடு வைத்து விற்கச் சொன்னால் விலை என்ன ஆகும் என்பதை வெங்காயம் பயிரிட்டவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றும் அப்பா இறந்த பிறகு லைசென்ஸை மகன் பெயருக்கு மாற்ற முடியாத வீடுகளிலிருந்து துப்பாக்கி உங்களிடம்தான் வருகிறது. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அதன் அருமை தெரியாதவர். சட்டப்படி அதை வைத்திருக்கவும் முடியாதவர். அவரிடம் ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். அதற்குப் பதிலாக, தயாரிப்பாளர் யார், குழல் உள்ளே எப்படி இருக்கிறது, கட்டையில் விரிசல் உண்டா, பூட்டு இறுக்கமாக இருக்கிறதா, இத்தனையும் பார்த்து இந்த மதிப்புப் போட்டோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவர் அந்தக் காகிதத்தோடு ஈரோட்டிலோ சேலத்திலோ இன்னொரு கடையில் கேட்டுப் பார்ப்பார். கேட்கட்டுமே. உங்கள் மதிப்பு நேர்மையானதென்றால் திரும்பி வருவார்.

பாதுகாப்பு என்ற தடையையும் சிலர் சொல்வார்கள். விலையும் விவரமும் வெளியே போனால் திருடன் கண் விழும் என்று. இருப்பு எவ்வளவு என்று எழுதச் சொல்லவில்லை. அதை எழுதவும் கூடாது. பெட்டித் தோட்டாவின் விலையும், துப்பாக்கியைக் கடையில் காப்பில் வைக்கும் மாதக் கட்டணமும் தெரிந்தால் எந்தத் திருடனுக்கும் ஒரு பயனும் இல்லை.

இனி சேவையைப் பற்றி. விலையில் மறைப்பதால் பை மட்டும்தான் காயும். சேவையில் பேசாமல் இருந்தால் விரல் போகும், கண் போகும். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாதது அல்ல என்றாலும். பழைய இங்கிலாந்து 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். இந்த அளவு தோட்டா சுடப்பட்டு வாய் விரிந்த பிறகுள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையான அறையிலும் அழகாக உட்கார்ந்துவிடும், கதவும் மூடிவிடும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதிக்குள் நீண்டு, அழுத்தம் எகிறும். எண்பது தொண்ணூறு வருஷத்துக் குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. கரிமருந்துக் காலத்தில் இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் மோசம். குழலின் அடியில் பர்மிங்காம், லண்டன் சோதனைக்கூடங்கள் பொறித்த முத்திரையைப் படித்து, 'இதுக்கு இந்தத் தோட்டா ஆகாதுங்க' என்று சொல்லக்கூடியவர் இந்த ஊரில் உங்களை விட்டால் யார்? அதேபோல ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு வீசும் காற்றுக்குப் போத்தனூர், மதுக்கரைப் பக்கத்து வீடுகள் நேர் எதிர். ஈரத்தில் கிடந்த அட்டைத் தோட்டா உப்பும், பித்தளையில் பச்சை ஏறும், சுட்டால் வெடிக்காது, அல்லது நேரம் கழித்து வெடிக்கும். வெடிக்காத தோட்டாவோடு குழலை உடனே திறக்கக் கூடாது என்பதை எத்தனை பேருக்குக் கடையில் சொல்லி அனுப்புகிறீர்கள்? இதைச் சொல்கிற கடைக்காரர்கள் உங்களில் இருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் 'நல்ல மனுசர்' என்பது அவர்களைத்தான். அப்படிச் சொல்வதற்குக் காசு வாங்குங்கள், தப்பே இல்லை. துப்பாக்கியைச் சோதித்துச் சொல்ல இவ்வளவு என்று கட்டணம் போட்டு எழுதி மாட்டினால் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள். இலவசமாகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கூலியைத் தோட்டா விலையில் ஏற்றும்போதுதான், சோதிக்காமல் வாங்கிப் போகிறவரும் சோதித்தவருக்காகக் கொடுக்கிறார்.

துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் தேர்தல் காலம், உங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நடுவே எரிச்சல் அதிகமாகும் காலம். 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்றே முடிந்தும், முடிவு ஜூன் 4 வரை காத்திருந்தது. அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்பப் பெறும் வேலை தொடங்கும். ஏறத்தாழ மூன்று மாதம். தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படி, ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் போன்றோரின் உரிமங்களை ஒரு குழு தனித்தனியாகப் பரிசீலித்து ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். கீழே வரும்போது அது 'எல்லாரும் கொடுத்துடுங்க' என்றாகிவிடுவது வேறு கதை, அதற்கு இந்த மடல் இடமல்ல. காவல் நிலையத்தில் கொடுத்தால் செலவில்லை, ஆனால் எண்ணெய் போட ஆளில்லாமல் மழைக்காலத்தை எட்டிவிடும் என்ற பயத்தில் பலர் உங்களிடம் கொண்டுவருகிறார்கள். மாதத்துக்கு எவ்வளவு, எண்ணெய் போட்டுத் துடைப்பது அதில் சேர்ந்ததா, கட்டையில் ஏற்கெனவே இருந்த கீறல் எது, இதில் எதுவும் எழுதப்படாமல் துப்பாக்கி உள்ளே போகிறது. வெளியே வரும்போது கீறலுக்கும் காசுக்கும் சேர்த்து வாக்குவாதம். ஒப்படைக்கும்போதே நான்கு பக்கமும் செல்போனில் படம் பிடித்து, கட்டணத்தை எழுதிய சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டால் அந்த வாக்குவாதத்துக்கு வேலையே இல்லை. முக்கியமாக உங்களுக்குத்தான் அது கவசம்.

சட்டம் ஏற்கெனவே இதில் பாதியைக் கேட்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் கொடுக்காமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்பதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் 'தோட்டா வேணும்னா இந்த கிளீனிங் ராடும் உறையும் எடுத்துக்கோங்க' என்பது இந்த இரண்டாவதற்குள் வந்து விழும். துப்பாக்கி வாங்குகிறவரும் நுகர்வோர்தான். ஆயுதச் சட்டத்தின் கீழ் ஆயிரம் கட்டுப்பாடு இருப்பதால் அவருடைய நுகர்வோர் உரிமை குறைந்துவிடாது. கோவையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. இருந்தும் அங்கே போகத் தயங்குகிறார்கள் என்றால், லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு வம்பில் பேர் அடிபடப் பயம், நாளைக்குத் தோட்டாவுக்கு உங்களிடம்தான் வர வேண்டும் என்ற பயம். பயத்தால் வராத புகாரை, குறையில்லை என்பதற்கு ஆதாரமாக யாரும் காட்டக் கூடாது.

வாடிக்கையாளர் பக்கத்துத் தவறுகளும் இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் சும்மா வேடிக்கை பார்க்க வந்து ஒரு மணி நேரம் விலை விசாரிப்பவர்கள், நாலு நண்பர்களைக் கூட்டிவந்து கடைக்குள்ளேயே குறி பார்ப்பவர்கள், பில் போட்டால் வரியா என்று கேட்டு 'பில் வேண்டாம், கொறச்சுக் குடுங்க' என்பவர்கள். கடைசி வகைதான் மிக மோசம். எண் பொறித்த ஆயுதத்தைப் பில் இல்லாமல் வாங்க நினைப்பவரிடம் அதை விற்கவே கூடாது. பேரம் பேசுவதும் நம் ரத்தத்தில் இருக்கிறது. எழுதிய விலைக்கே வாங்கிப் போனால் சிலருக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனால் ஜவுளிக்கடையில் 'ஒரே விலை' என்று பலகை வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். இன்று அந்தக் கடைகளில்தான் தீபாவளிக்கு நிற்க இடமில்லை.

துப்பாக்கியே வேண்டாம் என்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும், கொலைக்கருவிக்கு நுகர்வோர் உரிமை ஒரு கேடா என்று அவர்கள் முகம் சுளிக்கலாம். துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்பது என் விருப்பமும் அல்ல. ஆனால் இருக்கிற துப்பாக்கி எந்தக் கையில், எந்த எண்ணோடு, எந்தத் தேதியில், என்ன தொகைக்குப் போனது என்று காகிதத்தில் இருப்பது அவர்களுக்கும்தான் நல்லது. நேர்வழி வெளிச்சமாக இல்லாத இடத்தில் குறுக்குவழி தானாகவே பெருகும். மலையடிவாரத்தில் பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் செத்த யானைகளைக் கோவை வனக்கோட்டம் பார்த்திருக்கிறது. அவுட்டுக்காய்க்கு லைசென்ஸும் இல்லை, பதிவேடும் இல்லை, பில்லும் இல்லை. உங்கள் கடை அந்த உலகத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டிய இடம். வாங்குகிறவர் நம்பி வந்து நிற்கக்கூடிய, எல்லாம் எழுத்தில் இருக்கிற இடம்.

பெரிய மாற்றம் எதையும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் நீங்கள் விற்கும் தோட்டா வகைகளின் விலை, துப்பாக்கி காப்பில் வைக்க மாதக் கட்டணம், சோதித்துத் துடைத்துக் கொடுக்கக் கூலி. போனில் கேட்டாலும் அதே விலை. பழுதுபார்க்க வாங்கும்போதே மதிப்பீட்டுச் சீட்டு, அதைத் தாண்டினால் கேட்டுவிட்டுச் செய்வது. துப்பாக்கி எண்ணோடு முழுப் பில். கோவை, திருப்பூர், ஈரோடு கடைக்காரர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் ஒரே மாதிரிப் பலகையை எல்லாரும் வைத்துவிடலாம். விலையை ஒன்றாக்கச் சொல்லவில்லை, அது வேறு சட்டமீறலாகிவிடும். பலகை வைப்பதை மட்டும் ஒன்றாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது என்றால், அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கிகள் உங்கள் வாசலில் வரிசை கட்டுவதற்குள், காப்புக் கட்டணம் மாதத்துக்கு எத்தனை ரூபாய் என்ற அந்த ஒரு வரியையாவது எழுதி ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
போத்தனூரிலிருந்து